தொட்டிக்கு மேலிருந்த கண்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் திறக்கும், அப்புறம்தான் கை ஓங்கும். அன்றைக்கு மட்டும் இரண்டும் சேர்ந்தே வந்தன.

கோவில்பட்டி பைபாஸ் பக்கம் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். மில்லு, கடலைமிட்டாய் பேக்கிங், தீப்பெட்டி ஆபீஸ் என்று எங்கே மெஷின் காரணம் தெரியாமல் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலி மேஜை இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாந்து போவீர்கள். சென்சாரும் பேனலும் பார்க்கிற பொம்பளை இந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான் என்பதால் எனக்குப் பேனலக்கா என்றே பெயர். எட்டயபுரம் ரோட்டில் இருந்த ஒரு ஆபீஸில் என் தம்பி மெஷின் ஆபரேட்டர்; வருஷக்கணக்காக மெஷின் பக்கம் நின்று அவனுக்கு வலது காது கொஞ்சம் மந்தம். அங்கே பெட்டி அடைக்கிற பெண் ஒருத்திதான் எனக்குப் போன் பண்ணினாள்.

"அக்கா, ஒங்க தம்பிய அடிக்காவ. ஓடியாங்க. கொன்னுபோட்ருவாவ போலருக்கு."

யார், எதற்கு என்று கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. வண்டியை எடுத்தேன். சித்திரை வெயிலில் ரெண்டு பக்கமும் கரிசல் வாய் பிளந்து கிடந்தது. வழியெல்லாம் நான் வைத வசவை இங்கே எழுத முடியாது. ரோட்டில் குறுக்கே வந்த ஆட்டு மந்தைக்கும் அதில் பங்கு கிடைத்தது.

நான் கேட்டைத் தாண்டும்போது கடைசி அடி விழுந்தது. குச்சி மூட்டைகளுக்கு நடுவே தம்பியைச் சுவரோடு சேர்த்து நிறுத்தியிருந்தார்கள். சட்டை கிழிந்து, முதுகில் பெல்ட் தடம் தடமாக எழும்பியிருந்தது. துணி பெல்ட் இல்லை, மோட்டாரில் ஓடுகிற ரப்பர் பெல்ட். அடித்தவன் முதலாளியின் மச்சினன். ஆபீஸை மேற்பார்வை பார்க்கிறவன் அவன்தான். என்னைப் பார்த்ததும் பெல்ட்டைக் கீழே போட்டான், ஆனால் மனசு ஆறவில்லை போல. உள்ளங்கையை விரித்து இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான். அந்தச் சத்தம் உள்ளே ஓடுகிற மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"கைய எடுல நாயே!" என்றேன்.

"வாங்க பேனலக்கா," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. "நீங்க சேத்துவிட்ட ஆளு பண்ணுத காரியத்தப் பாருங்க. தெனமும் தொட்டியில தண்ணியக் கொட்டவச்சு நாசம் பண்ணுதான்."

தம்பியின் காதோரம் ரத்தம் வழிந்தது. முந்தானையால் துடைத்தேன். காது மடல் கிழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "நான் பண்ணலக்கா."

என்ன நடந்தது என்பதைச் சொல்ல அந்த மெஷினைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மருந்து முக்கிக் காய்ந்த குச்சிகளை ஒரு நீளமான தொட்டியில் கொட்டுவார்கள். தொட்டிக்குக் கீழே ஒரு தகடு முன்னும் பின்னும் அடித்துக் குச்சிகளைப் பெட்டிக்குள் தள்ளும். ரெண்டு பக்கமும் பெண்கள் நின்று, கோணலாகக் கிடக்கிற குச்சியை நேராக்குவார்கள். மருந்து மருந்தோடு உரசினால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் தொட்டிக்கு மேலே ஒரு சென்சார் உண்டு. கண் என்றுதான் நாங்கள் சொல்வோம். தொட்டிக்குள் வெளிச்சம் கண்டால் அது அலாரம் அடிக்கும், மெஷினை நிறுத்தும், மேலிருக்கிற குழாயைத் திறந்து தண்ணீரைக் கொட்டும். அந்தக் கண்ணின் பின்னால் ஒரு குட்டித் திருகு இருக்கிறது. ஏற்றித் திருப்பினால் பீடி நெருப்பைக்கூடப் பார்க்கும். இறக்கித் திருப்பினால் பந்தம் கொளுத்திக் காட்டினால்தான் பார்க்கும்.

வெயில் காலத்தில் கூரை ஷீட்டில் ஓர் ஓட்டை வழியாக வெயில் தொட்டியில் விழ ஆரம்பித்தது. கண் அதைத் தீ என்று நினைத்துத் தண்ணீரைக் கொட்டியது. ஒரு தொட்டிக் குச்சியும் கூழாகும். மச்சினன் ஸ்டூல் போட்டு ஏறி அந்தத் திருகைத் தன் கையாலேயே இறக்கி வைத்தான். ஓட்டையை அடைக்க ஆள் கூப்பிடுவதைவிட அது சுலபம் இல்லையா! என் தம்பி எல்லாப் பெண்களுக்கும் முன்னால், "கண்ணக் கட்டிட்டு மெஷின ஓட்டச் சொல்லுதீங்களே, எவளாவது வெந்து செத்தா நீங்களா வந்து பொறுப்பு சொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டான். ரெண்டு பேருக்கும் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை.

திருகை இறக்கின பிறகும் தண்ணீர் கொட்டியது. கூரை வெயிலுக்கு இனி கண் மசியாது. தொட்டியைக் கிளறிப் பார்த்தால் எரிந்த குச்சி ஒன்றுகூட இல்லை. வெயிலும் இல்லை, தீயும் இல்லை என்றால் யாரோ செல்போன் லைட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கிறான். கண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் யார்? என் தம்பி. திருகை இறக்காதே என்று சண்டை போட்டவன் யார்? அதுவும் என் தம்பி. மச்சினன் போட்ட கணக்கில் எனக்கே ஓட்டை தெரியவில்லை.

முதலாளி தன் அறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். அடி விழுந்த சத்தமெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். "அண்ணாச்சி, ஒங்க ஆபீஸ்ல மனுசன மாட்ட அடிக்க மாதிரி அடிக்காவ, நீங்க இங்கன காத்து வாங்குதீங்க," என்றேன்.

"எனக்கு இன்னைக்குத் தெரியணும்மா," என்றார். குரல் ஏறவே இல்லை. "சாயந்தரம் லோடு வண்டி கெளம்பும். அதுக்குள்ள தெரியலன்னா மெஷினுக்குச் சேதம் பண்ணுனான்னு ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துருவேன். அப்புறம் ஒந்தம்பிய இந்த ஜில்லாவுல எவனும் மெஷின் பக்கம் நிறுத்த மாட்டான்."

"சாயந்தரத்துக்குள்ள சொல்லுதேன். ஆனா அதுவரைக்கும் அவன் மேல ஒரு வெரல் படக்கூடாது."

பேனலைத் திறந்து என் லேப்டாப்பை மாட்டினேன். மெஷின் தனக்கு நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கும். வெளிச்சம், அலாரம், நிறுத்தம், தண்ணீர். பிறகு நனைந்த குச்சியை அள்ள மெஷின் கதவு திறப்பு, கதவு மூடல், ஓட்டம். ஒவ்வொரு தடவையும் இதே வரிசை. வெயில் பட்டாலும் இதுதான் எழுதும், தீப்பிடித்தாலும் இதுதான் எழுதும், எவனாவது லைட் அடித்தாலும் இதுதான் எழுதும். மூன்று வெவ்வேறு சங்கதி மெஷினுக்கு ஒரே சங்கதியாகத் தெரிகிறது. அப்படி இருக்கும்போது அதை எத்தனை தடவை படித்தாலும் பிரயோஜனம் இல்லை. பார்க்கிற கண்ணை மாற்ற வேண்டும்.

புதுக் கண் வாங்கி வர மதுரைக்குப் போக நேரமில்லை. இருக்கிறதை வைத்துத்தான் செய்ய வேண்டும். தொட்டிக்கு மேலிருந்த கண்ணுக்குத் தீப்பெட்டியின் மேல்கூட்டை உருவி மாட்டினேன். இப்போது அது நேர் கீழே தொட்டியை மட்டும் பார்க்கும், கூரை வெயிலோ பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சமோ அதற்குத் தெரியாது. திருகை முழுக்க ஏற்றினேன். அடுத்ததாக, வெளியே போகிற பெட்டிகளை எண்ணுகிற கண் ஒன்று இருந்தது. அதைக் கழற்றி, ஆபரேட்டர் நிற்கிற பக்கம் பார்க்கிற மாதிரித் திருப்பி முடுக்கினேன். வெளிச்சம் அடித்தால் உணர்கிற மாதிரி அதன் திருகையும் ஏற்றினேன். எவன் லைட்டைப் பிடித்தாலும் இந்தக் கண் காட்டிக்கொடுக்கும். தொட்டிக்குள் தீ என்றால் பேனலில் மேல் கண்ணின் விளக்கு மட்டும் எரியும்.

"அப்ப பெட்டிய யாரு எண்ணுவா?" என்று மச்சினன் பாய்ந்தான்.

"நீ எண்ணு. அடிக்கதுக்கு மட்டுந்தான் கை இருக்கா ஒனக்கு? ஒரு கண்ண இங்கன பாக்க வச்சா அது அங்கன பாக்காது. ஏதாவது ஒண்ண விட்டுத்தான் ஒண்ணத் தெரிஞ்சிக்கிட முடியும்."

தம்பியை வெளியே உட்கார வைத்துவிட்டு மெஷினை ஓட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். அவன் வெளியே இருக்கும்போது ஒன்றும் நடக்காமல் போனால் அதுவே அவனுக்கு எதிராக நிற்கும் என்று எனக்கே உறைத்தது. முதுகு வீங்கிய பிள்ளையை மறுபடி மெஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். பெற்ற தாய் பார்த்திருந்தால் என் கையை ஒடித்திருப்பாள்.

"ஏலே, நிக்க முடியுமாலே?" என்றேன். அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, "என்னது?" என்றான். இன்னொரு தடவை கத்தினேன். தலையாட்டினான். அவமானத்தில் முகத்தைத் திருப்புகிறான் என்று எண்ணி எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

மெஷின் ஓடியது. தகடு தட் தட்டென்று நெஞ்சில் அடிக்கிற மாதிரி அடித்தது. மருந்து நெடியும் வேர்வையும் தகர ஷெட்டின் புழுக்கமும் சேர்ந்து குமட்டியது. நான் தொட்டிக்கு நேரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பெண்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் போன் பண்ணியவள் என் எதிரில் நின்றாள். ரெண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தாள். காலடியில் ஒரு வாளித் தண்ணீர், அதில் ஒரு கோணிச்சாக்கு ஊறியது. எல்லா ஆபீஸிலும் தொட்டிப் பக்கம் ஈரச்சாக்கு இருக்கும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவே மாட்டேன் என்றாள். என்னை ஓடி வரச் சொன்னவள் நான் வந்த பிறகு ஏன் குனிகிறாள்?

"கையில என்னட்டி?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. அடுப்புல சுட்டுக்கிட்டேன்."

ரெண்டு உள்ளங்கையையும் எவள் அடுப்பில் சுட்டுக்கொள்வாள்? கேட்க வாய் எடுத்தேன். அப்போதுதான் தொட்டிக்கு நடுவில் புஸ்ஸென்று ஒரு வெளிச்சம் வந்தது.

அவள் கை சாக்குக்குப் போனதை நான் பார்த்தேன். பாதியில் நின்றதையும் பார்த்தேன். எதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் நின்றாள். அந்தத் தயக்கம் போதும் தீக்கு. தொட்டி முழுக்க ஒரே மூச்சில் பற்றிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு எழும்பியது. அலாரம் அலறியது. பழக்கம்தானே, மற்ற பெண்களெல்லாம் பின்னால் துள்ளினார்கள். என் தம்பி மட்டும் நின்ற இடத்திலேயே பேனலைப் பார்த்துக்கொண்டு நின்றான். தீ முகத்தில் அடித்த பிறகுதான் திரும்பினான். புருவம் பொசுங்கியது, வலது கை முட்டி வரைக்கும் தோல் சுருண்டது. அவன் அதைப் பார்க்காமல் சாக்கருகே நின்றவளை எட்டிப் பிடித்துக் கீழே இழுத்தான். அவள் சேலைத் தலைப்பு எரிந்துகொண்டிருந்தது.

நான் ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டுச் சாக்கை எடுத்தேன். அடித்தேன். அவள் முதுகில், தோளில், தலையில் என்று பார்க்காமல் அடித்தேன். தீயைத்தான் அடிக்கிறேன், ஆனால் வலி அவளுக்கு. "அய்யோ அக்கா, அய்யோ அக்கா" என்று தரையில் புரண்டாள். மேலிருந்து தண்ணீர் கொட்டியது. புகை, கந்தக நெடி, கூப்பாடு. ஒரு கிழவி மூலையில் வாந்தி எடுத்தாள்.

எல்லாம் அடங்கியதும் பேனலைப் பார்த்தேன். மேல் கண்ணின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆபரேட்டர் பக்கம் திருப்பி வைத்த கண் எதையும் பார்க்கவில்லை.

பிறகு கீழே குனிந்து அந்த வாளிக்குள் கையை விட்டேன். அடியில் கறுப்புக் கூழ். ஒரு கை அள்ளி மச்சினனின் வெள்ளைச் சட்டை மேல் எறிந்தேன். எரிந்த குச்சிகள். இன்றைக்கு எரிந்தவை இல்லை, நேற்றும் முந்தாநாளும் எரிந்து, ஊறி, நைந்துபோனவை.

"பாத்துக்க. ஒனக்குக் கிடைக்காத குச்சி எல்லாம் இங்கனதான் கெடக்கு."

தரையில் கிடந்தவள் அழுதுகொண்டே சொன்னாள். "தீ விழுந்த கைன்னு வெளிய அனுப்பிருவாவ அக்கா. எலுமிச்சம்பழம் அறுத்துப் பூசை முடியுத வரைக்கும் தொட்டிப் பக்கம் விடமாட்டாவ. அப்புறமும் ராசியில்லாத கைன்னு ஒதுக்கித்தான் வப்பாவ. அதான் தீ எந்திச்ச ஒடனே கையால அமுக்கி, சாக்கப் போட்டு, கரிஞ்சத வாளியில தள்ளிருவோம். நான் மட்டுமில்லக்கா, எல்லாருந்தான்."

மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். தீ நிஜமாகவே வந்துகொண்டிருந்திருக்கிறது. சின்னதைக் கையால் அடித்து அணைத்தார்கள். பெரிசுக்குத் தண்ணீர் கொட்டியது. மச்சினன் முற்றத்திலிருந்து வந்து சேர்வதற்குள் கரிந்ததெல்லாம் வாளிக்குள் போய்விடும். கை ராசி என்று ஒரு மண்ணாங்கட்டியைப் பிடித்துக்கொண்டு மொத்த ஆபீஸும் உயிரோடு விளையாடியிருக்கிறது. எனக்கு அவர்கள் மேலும் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த உள்ளங்கைகளைப் பார்த்த பிறகு கத்த முடியவில்லை.

மச்சினனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "நீதானாட்டி திருட்டு முண்ட" என்று அவள் கொண்டையைப் பிடித்துத் தூக்கினான். பாதி வெந்து கிடக்கிறவளை!

சாக்கு என் கையில்தான் இருந்தது. ஈரச்சாக்கு நல்ல கனம் இருக்கும். அவன் முகத்தில் வீசினேன். கொண்டையை விட்டுவிட்டான். மறுபடியும் வீசினேன். கையைத் தூக்கி மறைத்தான், கை மேல் அடித்தேன். பின்னால் போனான், சறுக்கி அந்தத் தண்ணீரிலேயே விழுந்தான், விழுந்த இடத்திலும் அடித்தேன். என் தம்பி முதுகில் இருந்த தடம் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒருத்தியும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. யாரோ ஒருத்தி, "இன்னும் ரெண்டு போடுங்கக்கா" என்றாள். வெட்கப்பட வேண்டிய சங்கதி என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். எனக்கு வெட்கம் இல்லை. கை வலித்தது, அவ்வளவுதான்.

"போதும்மா," என்று முதலாளி வந்து வாசலில் நின்றார். வாளியைப் பார்த்தார், கரியைப் பார்த்தார், தண்ணீரில் கிடந்த மச்சினனைப் பார்த்தார். என் தம்பியைப் பார்த்துத் தப்பாகிப் போச்சு என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். "மெஷின் எப்ப ஓடும்?" என்று கேட்டார்.

போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் நான் போனால் இந்தப் பெண்கள் நாளைக்கும் இதே தொட்டியில்தான் கையை வைக்க வேண்டும். வெந்தவளை ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தம்பியையும் ஏறச் சொன்னேன். கையைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு, "நீ முடிச்சிட்டு வா, சேந்து போவோம்" என்று நின்றுவிட்டான். தகட்டை வெளியே இழுத்து விளிம்பில் விரலை ஓட்டினேன். ஓர் இடத்தில் பிசிறு எழும்பி நின்று என் விரலைக் கீறியது. அதுதான் போகும்போதும் வரும்போதும் மருந்தைச் சுரண்டித் தீ வைத்துக்கொண்டிருந்தது. அரத்தால் ராவி வழவழப்பாக்கினேன். கண்ணின் திருகை ஏற்றி, அதன் தலையில் நெயில் பாலிஷை வைத்து அடைத்தேன். இனி எவன் திருப்பினாலும் பாலிஷ் உடைந்து காட்டிக்கொடுக்கும். கண்ணுக்கு மாட்டின தீப்பெட்டிக் கூடு கருகியிருந்தது, வேறு ஒன்றை உருவி மாட்டினேன். கூரை வெயிலுக்கு அது போதும்.

வேலை பார்த்துக்கொண்டே தம்பியிடம் கேட்டேன். "ஒனக்குத் தெரியும்லாலே, இவளுவ அமுக்குதது?"

அவன் மறுபடியும் தலையைச் சாய்த்து என் வாயைப் பார்த்தான். பிறகு, "தெரியும். சொன்னா அவளுக்கு வேல போயிரும்லா," என்றான்.

"அதுக்காவ பெல்ட்டடி வாங்குவியா, கோட்டிப் பயலே!" என்று அழுதுவிட்டேன். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.

கடைசியாக அலாரத்தைச் சோதிக்க வேண்டும். பேனலில் அதற்கென்று ஒரு பட்டன் உண்டு. மெஷினை ஓடவிட்டேன். தம்பி தன் வழக்கமான இடத்தில் நின்று பெட்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அலாரம் அவனுக்கு இடது பக்கம், ஒரு கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. அமுக்கினேன். பெண்கள் அத்தனை பேரும் பதறிப் பின்னால் துள்ளினார்கள். வாசலில் நின்ற லோடு வண்டி டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தான்.

தம்பி பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுபடியும் அமுக்கினேன். விரலை எடுக்காமல் அமுக்கிப் பிடித்தேன். அலாரம் அலறிக்கொண்டே இருந்தது. தீ முகத்தில் அடிக்கிற வரைக்கும் அவன் ஏன் அங்கேயே நின்றான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெஷினை நிறுத்திவிட்டு அவன் இடது பக்கம் போய், "ஏலே, கேக்கலையாலே? இந்தச் சத்தம் கேக்கலையா?" என்றேன்.

பெண்கள் முகத்தைப் பார்த்து ஏதோ நடக்கிறது என்று தெரிந்து அவன் திரும்பினான். என் வாய் அசைவதைப் பார்த்தான். வெந்த கையால் வலது காதைத் தொட்டுக் காட்டினான்.

"அக்கா, இந்தப் பக்கம் வந்து சொல்லு."